கார் ஏசியில் காற்றே வரவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மே மாத மதியம். டெல்லி ரிங் ரோட்டில் ஆஷ்ரம் சௌக் சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் நகரவே இல்லை. என் காரில் ஏசி விளக்கு எரிகிறது, இன்ஜின் ஓடுகிறது. ஆனால் டேஷ்போர்டில் இருந்து காற்று சுத்தமாக வரவில்லை.

அடுத்த நாள் மெக்கானிக் பானட்டைக்கூடத் திறக்காமல், "மோட்டார் கயா, மேடம்" என்று சொல்லிவிட்டார். மோட்டார் போகவில்லை. போனது, அதற்குச் சொன்ன விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாத ஒரு சின்ன பாகம்.

2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. (அதே நாளில் முங்கேஷ்பூரில் பதிவாகி வைரலான 52.9 டிகிரி, சென்சார் பிழையால் கூடுதலாகக் காட்டியது எனப் பின்னர் தெரியவந்தது.) இப்படிப்பட்ட ஊரில் வெயிலில் நிற்கும் காருக்குள் காற்று நின்றுபோனால், குழந்தையோ வயதானவர்களோ உள்ளே இருக்கும்போது அதைச் சின்ன தொந்தரவு என்று தள்ளிவிட முடியாது.

குளிர்காலத்திலும் தப்பிக்க முடியாது. ஜனவரி மூடுபனியில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால், அதைத் துடைப்பதும் இதே காற்றுதான்.

கெட்டது ஏசியா, ப்ளோயரா?

முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காற்று நன்றாக வருகிறது, ஆனால் குளிரவில்லை என்றால் கேஸ், கம்ப்ரஸர், அல்லது முன்பக்க ரேடியேட்டர் ஃபேன் மீது சந்தேகப்படலாம். காற்றே வரவில்லை என்றால் பிரச்னை 'ப்ளோயர்' பக்கம்.

க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் மோட்டாரும் அதில் மாட்டிய விசிறியும்தான் ப்ளோயர். ஏசிக்கும் ஹீட்டருக்கும் இது ஒன்றேதான். அதனால் ஒரு எளிய சோதனை: ஏசியை அணைத்துவிட்டு வெறும் ஃபேனை மட்டும் போடுங்கள். அப்போதும் காற்று இல்லை என்றால் கேஸ் நிரப்பப் பணம் கொடுக்காதீர்கள்.

சத்தம் கேட்கிறது, காற்று மட்டும் குறைவு என்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். அல்லது உள்ளே ஐஸ் கட்டியிருக்கலாம்.

ஸ்பீடு குமிழ் சொல்லும் துப்பு

நம் வீடுகளில் இருந்த பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் நினைவிருக்கிறதா? சதுரப் பெட்டி, தொட்டால் சுடும். சாதாரண ஏசி உள்ள பல கார்களில் அதே வேலையை 'ரெசிஸ்டர்' செய்கிறது. 1, 2, 3 ஸ்பீடுகளில் மின்சாரத்தைக் குறைத்து, மிச்சத்தைச் சூடாக வெளியேற்றும். கடைசி ஸ்பீடில் மட்டும் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகும்.

ஆகவே குறைந்த ஸ்பீடுகள் வேலை செய்யாமல் ஃபுல் ஸ்பீடு மட்டும் ஓடினால், மோட்டார் நன்றாக இருக்கிறது, ரெசிஸ்டர் போய்விட்டது என்று அர்த்தம். என் காரில் நடந்தது இதுதான். சிக்னலில் பதற்றத்தில் குமிழைக் கடைசி வரை திருப்பிப் பார்க்கவே தோன்றவில்லை!

எந்த ஸ்பீடிலும் ஓடவில்லையா? ஃபியூஸ், ரிலே, பிறகு கனெக்டர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் உருகியிருப்பது அடிக்கடி நடக்கும். ஃபுல் ஸ்பீடில் வைத்து, மோட்டார் பிளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரில் சுமார் 12 வோல்ட் காட்டியும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் மோட்டார் மீது பழி போடலாம். க்ளவ் பாக்ஸுக்கு அடியில் லேசாகத் தட்டினால் ஓட ஆரம்பிக்கிறதா? உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அந்த மோட்டார் அதிக நாள் தாங்காது.

ஆட்டோமேட்டிக் க்ளைமேட் கன்ட்ரோல் உள்ள கார்களில் ரெசிஸ்டருக்குப் பதில் எலெக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். அங்கே இந்தக் குமிழ் துப்பு உதவாது.

'ஜுகாட்' ஏன் ஆபத்து?

ரெசிஸ்டர் காற்றுப் பாதையிலேயே பொருத்தப்பட்டிருப்பதற்குக் காரணம், அந்தக் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. ஃபில்டர் அடைத்தால் ரெசிஸ்டர் கூடுதலாகச் சூடாகும். மோட்டார் இறுகினால் அதிக மின்சாரம் இழுக்கும், சூடு இன்னும் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டும்போது ரெசிஸ்டரில் உள்ள தெர்மல் ஃபியூஸ் அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். நாம் 'கெட்டுப்போச்சு' என்று சொல்வது, பல நேரம் அது தன் வேலையைச் சரியாகச் செய்த தருணம்.

இதை ஒரு துண்டு ஒயரால் இணைத்து 'சரிசெய்து' தருபவர்கள் உண்டு. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதிக ஆம்பியர் ஃபியூஸ் போடுபவர்களும் உண்டு. இரண்டையும் அனுமதிக்காதீர்கள்.

பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஸஃபீரா பி ரக கார்களில் நடந்தது இதற்கு உதாரணம். ப்ளோயர் பகுதியில் தொடங்கிய தீயில் நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் எரிந்தன. தெர்மல் ஃபியூஸை யாரோ தவறாகப் பழுதுபார்த்ததுதான் காரணம் என்று நிறுவனம் முதலில் சொன்னது. 2015-ல் 2 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அப்படிச் சரிசெய்யப்பட்ட கார்களிலும் சில தீப்பிடித்ததால், 2016-ல் மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. இந்த முறை மோட்டாரையும் மாற்றினார்கள். நிறுவனம் மெத்தனமாக நடந்துகொண்டதாக 2017-ல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு கண்டித்தது.

அதாவது, ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் போதாது. அது ஏன் சூடானது என்றும் பார்க்க வேண்டும். டெல்லித் தூசியில் கேபின் ஃபில்டரை கோடைக்கு முன் ஒரு முறை, தீபாவளிப் புகை அடங்கிய பின் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். பல கார்களில் க்ளவ் பாக்ஸை இறக்கினால் போதும், பத்து நிமிட வேலை.

உதிரி பாகம் தேடி காஷ்மீரி கேட் போகிறீர்கள் என்றால், பழைய ரெசிஸ்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு பிளக் மாறும். மெக்கானிக்கிடம் வேலை கொடுத்தாலும் கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நான் கேட்டு வாங்கினேன். ரெசிஸ்டர் கருகியிருந்தது. கூடவே ஃபில்டர் மேல் இருந்து ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகையும் அள்ளித் தந்தார். நான் தினமும் கார் நிறுத்துவது ஒரு வேப்ப மரத்தடியில்.