அணில் கடித்த பழத்தைச் சாப்பிடலாமா?

பாயான் பாரு சந்தையில் கடை கட்டும் நேரத்தில் போனால், மிஞ்சிய பழங்கள் மலிவாகக் கிடைக்கும். புள்ளி விழுந்த வாழைப்பழம், முடி கறுத்த ரம்புத்தான், ஒரு பக்கம் நசுங்கிய பப்பாளி. விலை குறைவுதான், ஆனா சாப்பிடலாமா?

பெரும்பாலும் சாப்பிடலாம். வாழைப்பழத் தோலில் கரும்புள்ளி விழுந்தால் பழத்தில் சீனி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ரம்புத்தான் முடி கறுப்பது ஈரம் வற்றுவதால். உரித்துப் பாருங்கள், சுளை வெள்ளையாக, புளித்த வாடை இல்லாமல் இருந்தால் பயமில்லை. மாம்பழத்தில் தெரியும் கறுப்புக் கோடு பெரும்பாலும் காம்புப் பால் வடிந்த தழும்பு. தோலைச் சீவினால் போய்விடும். நசுங்கிய இடத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிடலாம்.

தோல் கிழிந்திருந்தால் கதை வேறு. "அணில் கடிச்ச பழம்தான் ருசி" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கடித்தது அணில்தான் என்று யார் பார்த்தது? இரவில் வந்த வௌவாலாகவும் இருக்கலாம். 1998-இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி, நெகிரி செம்பிலான் வரை பரவிய நிப்பா நோயில் 265 பேர் பாதிக்கப்பட்டனர். 105 பேர் இறந்தனர். மனிதர்களுக்கு அது பன்றிகளிடமிருந்து தொற்றியது. பன்றிகளுக்கு எப்படி வந்தது? பண்ணையை ஒட்டிய மரங்களில் வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களிலிருந்து வந்திருக்கும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வங்காளதேசத்தில் இடையில் பன்றியே இல்லை. வௌவால் எச்சில் பட்ட பச்சை ஈச்சஞ்சாற்றைக் குடித்தவர்களுக்கு நேரடியாகவே நோய் வந்தது. அதனால் கடிபட்ட பக்கத்தை மட்டும் வெட்டினால் போதாது, முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

பூஞ்சை பிடித்த மாம்பழம், பப்பாளியும் அப்படித்தான். மென்மையான பழங்களில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கிவிடும். அழுகிய ஆப்பிளில் பட்டுலின் என்ற நச்சு உருவாகலாம். ஜூஸ் போட்டாலும் அது போகாது.

சரி, பளபளவென்று இருக்கும் பழம்? 2018-இல் ஆஸ்திரேலிய ராக்மெலன் பழங்களில் இருந்த லிஸ்தீரியா கிருமியால் அங்கே 7 பேர் இறந்தனர். அந்தப் பண்ணையின் பழங்கள் மலேசியாவுக்கும் வந்திருந்தன. தோலில் ஒட்டியிருக்கும் கிருமியைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகும். உரித்துச் சாப்பிடுகிற பழமானாலும், வெட்டுவதற்கு முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு வேண்டாம்.

வெட்டிய பழத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பினாங்கு மதியத்தில் அது பெரும்பாலும் ஒரு மணி நேரமாகத்தான் இருக்கும்.