பஞ்சு பறந்த கதை



இராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்த எனக்குப் பஞ்சைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆலைச் சங்கின் ஒலி கேட்டே உலை வைத்த வீடுகளுள் எங்கள் வீடும் ஒன்று. 1936ஆம் ஆண்டில் திரு. பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பின்னர் இவ்வூர் நூற்பாலைகளின் ஊராயிற்று. அருகிலுள்ள சத்திரப்பட்டியிலோ, காயத்தின் மேல் சுற்றும் மருத்துவத் துணி தறிதோறும் நெய்யப்படுகிறது. பஞ்சு நூலாகும், நூல் துணியாகும், அதனோடு அதன் வாழ்வு முடிந்தது என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அதே பஞ்சு ஆகாய விமானத்துக்குச் சிறகின் தோலாகவும், புகைப்படக் கருவிக்குப் படச்சுருளாகவும் ஆன வரலாறு ஒன்று உண்டு. அதனையே இன்று கூற முன்வந்துள்ளேன்.

இளமை முதலே எனக்கு விமானப் பித்து உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உச்சியை அண்ணாந்து பார்க்கும் யாத்திரிகர்களிடையே, அதற்கும் மேலே ஏதேனும் பறக்கின்றதா என்று பார்த்து நின்றவன் நான். பிற்காலத்தில் ஆசிரியனாகி அறிவியல் கற்பித்தபோதும் அப்பித்து தெளியவில்லை. பழைய விமானங்களின் படங்களைச் சேர்ப்பதும், அவை எவ்வாறு செய்யப்பட்டன என்று படித்தறிவதுமே என் ஓய்வுநேர வேலையாயின.

நம் சென்னைக்கும் இதில் பழம்பெருமை உண்டு. 1910ஆம் ஆண்டிலேயே மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ தாஞ்செலிஸ் என்பவர், சிம்சன் தொழிற்கூடத்தில் விமானம் ஒன்றைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பின்னர் 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் 'புஸ் மாத்' என்னும் சிறிய விமானத்தில் கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாயை அடைந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரையில் அத்தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட் என்பவர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982ஆம் ஆண்டில் அதே நாளில், தமது எழுபத்தெட்டாம் வயதில், டாட்டா அவர்கள் 'லெப்பர்ட் மாத்' என்னும் பழைய விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே பறந்து காட்டினார்.

இத்தகைய விமானங்களின் இறக்கை எதனால் ஆனது என்று மாணவர்களைக் கேட்டால், இரும்பு என்பான் ஒருவன், அலுமினியம் என்பான் மற்றொருவன். உண்மையில் அது மரச்சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்திய துணியேயாகும். அக்காலத்து எஞ்சினுக்கு ஆற்றல் குறைவு. புஸ் மாத்தின் எஞ்சின் ஏறத்தாழ 120 குதிரைத்திறன் உடையது. ஆகையால் விமானத்தின் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்று. எடை குறைந்து வலிமை மிக்க பொருளைத் தேடியவர்களுக்குப் பருத்தித் துணியும் லினன் துணியுமே கைகொடுத்தன.

ஆயினும் வெறுந்துணி போதாது. காற்று அதன் இழைகளினூடே புகும். மழையில் நனைந்து தொய்யும். நம் வீட்டில் வேட்டிக்குக் கஞ்சி போடுவதில்லையா? கஞ்சி காய்ந்ததும் வேட்டி விறைத்து நிற்கிறது. விமானத் துணிக்கும் அவ்வாறே ஒருவகைக் கஞ்சி இட்டனர். அதற்கு 'டோப்' என்று பெயர். அதனைத் தூரிகையால் பூசிக் காயவிட்டால், துணி சுருங்கி மத்தளத்தின் தோல்போல் இறுகிவிடும். விரலால் தட்டினால் ஓசை எழும். காற்றும் புகாது, நீரும் புகாது.

இனிமேல்தான் வியப்பு இருக்கிறது. அந்தக் கஞ்சியும் பஞ்சுதான்! பஞ்சின் உடலாக இருப்பது செல்லுலோஸ் என்னும் பொருள். அதனை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துப் பக்குவம் செய்தால் செல்லுலோஸ் நைட்ரேட் கிடைக்கும். அதைக் கரைத்துத் துணியில் பூசினால் டோப். கண்ணாடிபோல் மெல்லிய ஏடாக வார்த்தால் படச்சுருள். 1889ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் விற்கத் தொடங்கிய ஒளி ஊடுருவும் சுருளும், 1900ஆம் ஆண்டில் ஒரு டாலர் விலைக்கு வந்து ஏழை எளியோரையும் படம் பிடிக்கச் செய்த 'பிரௌனி' என்னும் பெட்டிக் கேமராவில் இட்ட சுருளும் இவ்வகையினவே.

செல்லுலோஸ் நைட்ரேட்டுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். விமானத்துக்கும் அது ஆபத்து, சினிமாக் கொட்டகைக்கும் ஆபத்து. இதற்கு மாற்றுத் தேடியோருள் டிரைபஸ் சகோதரர் இருவர் குறிப்பிடத்தக்கவர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எளிதில் தீப்பற்றாத செல்லுலோஸ் அசிட்டேட்டைச் செய்து, சினிமாச் சுருளுக்காக அவர்கள் விற்றனர். முதல் உலகப்போர் மூண்டதும், இங்கிலாந்து அவர்களை வரவழைத்து, விமான இறக்கைக்குப் பூசும் டோப்புக்காக அதே பொருளைச் செய்வித்தது. போர் முடிந்தபின் அத்தொழிற்சாலை அதைக் கொண்டே செயற்கைப் பட்டிழை நூற்றது. துணிக்குப் பூசப்பட்டது மீண்டும் துணியாகவே திரும்பிற்று!

உலோக விமானங்கள் வந்தபின் துணி மறைந்துவிட்டதோ எனில், உடனே மறைந்துவிடவில்லை. 1935ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த டி. சி. மூன்று விமானத்தை எண்ணிப் பாருங்கள். டக்கோட்டா என்று நம்மவர் அழைப்பது அதனையே. உடலும் இறக்கையும் அலுமினியம். ஆனால் விமானத்தைத் திருப்பவும், ஏற்றவும், இறக்கவும், சாய்க்கவும் பயன்படும் அசையும் பலகைகளுக்குப் போர்வை துணியே. 1947ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நம் படைவீரரை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கியவை டக்கோட்டாக்களே. விமானப்படையில் டக்கோட்டா ஓட்டிய தம் தந்தையாரை நினைந்து, திரு. ராஜீவ் சந்திரசேகர் பழைய டக்கோட்டா ஒன்றை இங்கிலாந்தில் செப்பனிடுவித்து விமானப்படைக்கு அளித்தார். 2018ஆம் ஆண்டில் அது பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது. 'பரசுராமன்' என்பது அதன் பெயர்.

பல உறுப்புகள் மாற்றப்பட்ட பின்னும் அது பழைய விமானந்தானா என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். "ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்துவிட்டதே, அது பழைய தேர்தானா, புதிய தேரா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "பழைய தேர்தான் ஐயா, ஆடிப்பூரத்துக்கு அதைத்தானே இழுக்கிறோம்" என்றான். அவன் விடையைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியாது. பேணுவார் உள்ளவரையில் பழம்பொருள் வாழ்கிறது.

இவ்வளவும் படித்த நான் செய்த பிழை ஒன்றையும் கூறிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் 'ஆக்பா கிளிக் மூன்று' என்னும் கேமரா ஒன்று இருந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். ஆண்டுவிழாதோறும் அதனால் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. ஒரு கோடை விடுமுறையில் அறையை ஒழித்துத் தரும்படி மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. பெட்டியைத் திறந்தேன், புளித்த காடியின் நெடி அடித்தது. ஆய்வகப் புட்டி எதுவோ கசிந்து பாழாக்கிவிட்டது என்று கருதி, கேமராவோடு பெட்டியையும் கழிவுப்பட்டியலில் சேர்த்துக் கையொப்பமிட்டேன். எடைக்குப் போயிற்று.

இரண்டாண்டு கழித்து, எங்கள் பள்ளியில் முப்பது ஆண்டு மணியடித்த ஊழியர் ஒருவர் காலமானார். காரியம் முடிந்த மறுவாரம் அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தாள். அவளும் என் மாணவியே. "சார், ஆண்டுவிழாவிலே அப்பா மணிப்பக்கத்திலே நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தீங்களே, அது இருக்குமா? வீட்டிலே அவர் படம் ஒண்ணுகூட இல்லை" என்றாள். "இல்லையம்மா" என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

காடியின் அமிலம் அசிட்டிக் அமிலம் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான். வெப்பமும் ஈரமும் தாக்கினால் செல்லுலோஸ் அசிட்டேட் சிதைந்து அந்த அமிலத்தையே வெளிவிடும் என்பதும், வெளிவந்த அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும் என்பதும் நூலில் படித்தவையே. எந்தப் புட்டியும் கசியவில்லை. சுருள்கள் தம்மைக் காக்குமாறு கூவிய குரலே அந்நெடி. அதனை அறியாமல் வீசியெறிந்தேன். அவற்றுள் பாதியையேனும் அன்று நகலெடுத்திருக்கலாம்.

ஆகவே நேயர்கள் வீட்டில் பழைய நெகட்டிவ்கள் இருப்பின் என் சொல்லைக் கேளுங்கள். அவற்றைப் பரணிலோ, தகரக் கூரையின் கீழோ, அடுக்களை அருகிலோ வைக்காதீர்கள். வீட்டில் குளிர்ந்து உலர்ந்த இடம் எதுவோ, அங்கு வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் அமிலம் உள்ளேயே தங்கிவிடும். தூய தாள் உறைகளே நல்லவை. காடி நெடி அடிப்பவற்றை வேறாகப் பிரித்து, அவற்றையே முதலில் நகலெடுங்கள். அருகில் ஸ்டூடியோ இல்லையெனில், வெண்ணிற ஒளித்திரையின் மேல் நெகட்டிவை வைத்துக் கைபேசியால் படம் பிடித்து, கறுப்பு வெளுப்பை மாற்றிக்கொள்ளலாம். 1950ஆம் ஆண்டுக்கு முற்பட்ட சுருளாயின் நைட்ரேட்டாக இருக்கக்கூடும். விளக்கின் அருகிலும் அடுப்பின் அருகிலும் கொண்டுசெல்லலாகாது.

இன்னொன்று உண்டு. புதிய சுருள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. உதகையில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள் செய்துவந்த அரசுத் தொழிற்சாலையும் இப்போது மூடப்பட்டுவிட்டது. எனவே கையிலிருப்பதே நம் செல்வம்.

டக்கோட்டாவைக் காப்பாற்றப் பெருஞ்செல்வர் ஒருவர் வேண்டியிருந்தது. மணியடித்தவரின் முகத்தைக் காப்பாற்ற ஒரு தாள் உறையும் அரைமணி நேரமுமே போதுமானவை. அவ்வளவையும் நான் செய்யவில்லை. இப்போது யார் வீட்டுக்குச் சென்றாலும் பழைய படங்களை எடுத்துவரச் சொல்லி, பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவைக்கிறேன். அந்த மகள் வீட்டுக்கும் சென்றேன். அவள் தாயாரின் படம் ஒன்று இருந்தது. அதன் பின்புறத்தில் முதலில் தாயின் பெயரையும், அதன் கீழே தந்தையின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.