நெசவு சாரும் பி.டி. மாஸ்டரும்

அந்தக் காலத்துக் கிராம உயர்நிலைப் பள்ளிகளில், ஆசிரியர் அறையின் ஓரத்து நாற்காலிகள் நான்கு பேருக்கு உரியவை: நெசவு சார், தையல் டீச்சர், டிராயிங் மாஸ்டர், பி.டி. மாஸ்டர். அரசாங்கக் காகிதத்தில் அவர்களுக்குச் ‘சிறப்பாசிரியர்கள்’ என்று பெயர். பெயரோடு சரி, மற்றபடி ஒரு சிறப்பும் கிடையாது. அவர்கள் பாடத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை, அதனால் பி.டி. மாஸ்டரின் விசிலைத் தவிர வேறெதற்கும் பையன்கள் பயந்ததும் இல்லை. கணக்கு வாத்தியார் லீவு போட்டால் அந்த வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள முதல் ஆளாக அனுப்பப்பட்டவர்களும் இவர்கள்தான்.

ஆனால் இந்த நால்வருக்கும் நிரந்தர வேலை இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, கால அட்டவணையில் ஒரு கட்டம் இருந்தது. இன்று கிராமப் பள்ளிகளில் கைத்தொழிலும் விளையாட்டும் என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்க்கப் போனால், இவர்களில் இருவருடைய கதையைச் சொன்னால் போதும்.

நெசவு சார் பள்ளிக்குள் வந்த வழி காந்தியின் வழி. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், அதையொட்டி சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவும் ஆதாரக் கல்விக்கு வடிவம் கொடுத்தன. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதிலிருந்து கிளைக்க விடுவது அதன் முறை. நூற்ற நூலை அளந்தால் கணக்கு. பருத்தி எந்த மண்ணில் விளைகிறது என்று கேட்டால் பூகோளம். சென்னை மாகாணத்தில் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் காந்திய வழிக் கல்வியில் ஊறியவர். பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண வித்யாலயத்தை வளர்த்தவரும் அவரே. 1947இல் காந்தியவாதிகளான சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் புத்தகப் பையில் நூல் நூற்கும் தக்ளியையும் கொஞ்சம் பஞ்சையும் போட்டுக்கொண்டு போன காலம் அது. நல்ல நூல் வந்ததா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் அறுந்த நூல்தான் வந்திருக்கும்.

பிறகு வந்தது 1953. ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைப் பாதியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்குப் போவான், குயவர் மகன் சக்கரத்துக்குப் போவான். வக்கீல் மகன் எங்கே போவான் என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை. குலக்கல்வி என்று எதிர்த்தரப்பு வைத்த பெயரே நிலைத்தது. பெரியார் போராடினார், தி.மு.க. போராடியது, காங்கிரஸுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் கைவேலை என்றாலே தமிழ்நாட்டில் ஒரு நெருடல் வந்துவிட்டது. அப்பன் தொழிலை அப்பனிடம் கற்பதும், எந்த வீட்டுப் பிள்ளையானாலும் தானே விரும்பி ஒரு தொழிலைப் பள்ளியில் கற்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை நின்று விளக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. நெசவு சார்கள் ஓய்வு பெற்றார்கள். பல ஊர்களில் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. தறி கிடந்த அறை சாமான் அறையாயிற்று. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலேயே தொழிற்கல்வி என்றபோதும், ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழில் என்று பேசியபோதும் இங்கே உடனே எழுந்த சொல் மறுபடி குலக்கல்விதான். எழுபது வருடத்துக்கு முந்தைய காயம், இன்னும் தொட்டால் வலிக்கிறது.

இடையில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 1978இல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் சேர்ந்தே வந்தது. வேளாண்மை, இயந்திரவியல், ஆடை வடிவமைப்பு, செவிலியம், அலுவலக மேலாண்மை எனப் பல பாடங்கள். ‘வொக்கேஷனல் குரூப்’ என்றால் மார்க் குறைந்தவனை உட்கார வைக்கும் இடம் என்ற பேச்சு அன்றிலிருந்தே உண்டு. ஆனாலும் அந்தக் குரூப்பில் படித்து டிப்ளமோவுக்கும் பொறியியலுக்கும் போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பொறியியல் சேர்க்கையில் அவர்களுக்கென்று தனி ஒதுக்கீடே உண்டு. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பணியிடம் நிரப்பப்படாமல் பிரிவே மூடப்பட்ட பள்ளிகளும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இப்போது ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆட்டோமொபைல், சுகாதாரம் என்று புதிய பெயர்களில் பாடங்கள் தொடங்கியிருக்கின்றன.

பி.டி. மாஸ்டரின் கதை நேர் எதிர்த்திசையில் போனது. ஓட்டமும் கபடியும் யாருடைய குலத்தொழிலும் அல்ல. ஊர்க் களத்தில் சாதி நுழையாமலில்லை, எந்தத் தெரு அணியில் யார் ஆடலாம் என்ற சண்டையெல்லாம் நடந்ததுதான். ஆனால் விளையாட்டுப் பீரியடைக் கண்டு எந்தக் கட்சியும் பயப்படவில்லை.

அன்றைக்கு அவரிடம் இருந்தது ஒரு விசில், சுண்ணாம்பு மூட்டை, தையல் பிரிந்த வாலிபால். மைதானம் என்பது ஏரிக்கரையை ஒட்டிய பொட்டல். ஜெயித்தால் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பெரிய மனுஷி ஆன பெண் பிள்ளை அதோடு மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடுவாள். பாவாடை தாவணியில் எப்படி ஓடுவது? குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, அதற்கு மேல் போனவன் ஊரில் கதை ஆகிவிடுவான். தூத்துக்குடிப் பக்கத்து மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணிக்குப் போய்ச் சேர்ந்தது அப்படிப்பட்ட மண் களங்களிலிருந்துதான். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய மாரியப்பனை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

இன்று ஏணியின் மேல்படிகள் நன்றாகவே இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பை இருக்கிறது, விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன, அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் ஊராட்சிகளுக்குக் கிரிக்கெட் மட்டை முதல் கேரம் போர்டு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. கபடி மண்ணிலிருந்து ‘மேட்’ விரிப்புக்கு ஏறிவிட்டது. பெண் பிள்ளைகள் டிராக் சூட்டில் பேருந்து ஏறி அடுத்த மாவட்டத்துக்கு ஆடப் போகிறார்கள், அப்பாவே பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுகிறார். எனக்கு இதுதான் எல்லா மாற்றத்திலும் பெரிய மாற்றமாகத் தெரிகிறது.

கீழ்ப்படிதான் ஆடுகிறது. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள்: உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி. பழைய ஓரத்து நாற்காலிக்காரர்களின் வாரிசுகள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். போராடிப் போராடி அது 2024இல் 12,500 ஆனது. நிரந்தரம் மட்டும் அப்போதும் ஆகவில்லை. காகிதத்தில் அரைநாள், குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் நாளில் விடிகாலை நாலு மணிக்கே தொடங்கும் வேலை. பத்தாம் வகுப்பு என்றால் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கும் பழக்கமும் மாறவில்லை. வாரத்தில் பாதி நாள் மட்டும் பள்ளியில் இருப்பவர் தலைமையாசிரியரிடம் போய் என் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பார்?

இவர்களுக்குப் பல ஆண்டுகள் மே மாதச் சம்பளம் கிடையாது, பள்ளி விடுமுறை என்பதால். ஊரில் கோடைப் பயிற்சி முகாம் நடப்பதும் பையன்கள் நாள் முழுக்க மைதானத்தில் கிடப்பதும் அந்த மே மாதத்தில்தான்.