கஜானா நிரம்பிய பின் வந்த புரட்சி

1978இல் ஈரானில் பஞ்சம் இல்லை. நாடு எந்தப் போரிலும் தோற்றிருக்கவில்லை. சுமார் நான்கு லட்சம் பேர் கொண்ட ராணுவம் கட்டுக்குலையாமல் இருந்தது. 1789இன் பிரான்ஸைப் போல அரசு கடனில் மூழ்கியிருக்கவும் இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முகமது ரெசா ஷா பஹ்லவியின் ஆட்சி இருந்த இடம் தெரியாமல் போனது. நாட்டை விட்டு வெளியேறிய ஷா, மேலை நாடுகளின் மீதும் எண்ணெய் நிறுவனங்களின் மீதும் பழி போட்டார். தெஹ்ரானின் பஜாரில் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

கெடுதல் பணத்தோடு வந்தது. 1973 இறுதியில் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. சுமார் 500 கோடி டாலராக இருந்த ஈரானின் ஆண்டு எண்ணெய் வருமானம், 1975-76இல் 2,000 கோடியை நெருங்கியது. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் செலவை ஷா ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார். வாங்கிக் குவித்த சரக்கை இறக்கத் துறைமுகங்களில் இடமில்லை. கொர்ராம்ஷரில் கப்பல்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. லாரிகள் வந்து இறங்கின, ஓட்ட ஆள் போதவில்லை. நாட்டால் செரிக்க முடியாத பணம் விலைவாசியாக மாறியது. தெஹ்ரானில் சம்பளத்தில் பாதியை வாடகைக்கே கொடுத்த நடுத்தரக் குடும்பங்கள் உண்டு.

கிராமத்திலிருந்தும் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஷா பெருமையாகச் சொல்லிக்கொண்ட, 1962இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைதாரர் பலருக்குப் பிழைக்கப் போதாத துண்டு நிலம் கிடைத்தது. கூலிக்காரர்களுக்கு அதுவும் இல்லை. 1966இல் 27 லட்சமாக இருந்த தெஹ்ரானின் மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 45 லட்சமானது. வந்தவர்கள் கட்டட வேலையை நம்பி நகரின் தென்பகுதியில் ஒண்டினார்கள். அங்கே அவர்களுக்குத் தெரிந்த ஒரே இடம் மசூதி.

இருந்தும், ஷாவைக் கவிழ்த்தது வறுமை என்று சொல்லிவிட முடியாது. அவர் செய்த பெரிய பிழை, வசதியானவர்களையே பகைத்துக்கொண்டதுதான். விலையேற்றத்துக்குக் காரணம் அரசின் செலவு. பழியோ கடைக்காரர்கள் தலையில் விழுந்தது. 1975இல் ‘கொள்ளை லாபத்துக்கு எதிரான போர்’ அறிவிக்கப்பட்டது. நாட்டின் ஒரே கட்சியான ரஸ்தாகீஸ், சுமார் 10,000 மாணவர்களைத் திரட்டி விலைச்சீட்டு பார்க்கக் கடைத்தெருவுக்குள் அனுப்பியது. இரண்டரை லட்சம் அபராதங்கள் விதிக்கப்பட்டதாகவும், 8,000 கடைக்காரர்கள் சிறைக்குப் போனதாகவும், 23,000 பேர் சொந்த ஊருக்குள் நுழையக் கூடாதென்று தடுக்கப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பஜார் என்பது வெறும் கடைவரிசை அல்ல. மொத்த வியாபாரம், வட்டிக்கடன், மதப் பள்ளிகளுக்கான நன்கொடை எல்லாம் புழங்கிய இடம் அது. மதகுருமாரின் செலவுக்கு வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வகுப்பை மாணவர்களை ஏவி அவமானப்படுத்திவிட்டு, அது சும்மா இருக்கும் என்று எந்த அமைச்சர் நம்பினாரோ!

பணவீக்கம் 25 விழுக்காட்டை எட்டிய 1977இல், புதிய பிரதமர் ஜம்ஷித் அமூசேகார் செலவைச் சட்டென்று வெட்டினார். கணக்குப் புத்தகத்துக்கு அது சரியான மருந்துதான். ஆனால் கட்டடப் பணிகள் நின்றன. நாட்டுப்புறத்திலிருந்து வந்த இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசிடமிருந்து மதகுருமாருக்குப் போன உதவித்தொகையும் குறைந்தது. நீண்ட காலம் ஏறிக்கொண்டிருந்த வாழ்க்கை திடீரென்று சறுக்கும்போதே புரட்சி வெடிக்கும் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் டேவிஸ் 1962இலேயே எழுதியிருந்தார். ஈரானுக்கு அது பொருந்துகிறது. ஆனால் சறுக்கல் கோபத்தை மட்டுமே தரும். கோபத்துக்கு வலையமைப்பும் பணமும் வேண்டும். அவற்றை மசூதியும் பஜாரும் கொடுத்தன.

1978 ஜனவரியில், ஷாவை எதிர்த்து நாடு கடத்தப்பட்டிருந்த மதகுரு கொமெய்னியை இழிவுபடுத்தி ஒரு நாளிதழில் கட்டுரை வந்தது. கும் நகரில் எதிர்ப்பு எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தனர். ஷியா வழக்கப்படி நாற்பதாம் நாள் துக்கம். அன்று தப்ரீஸில் கலவரம், மறுபடி சாவு, அதற்கும் ஒரு நாற்பதாம் நாள். செப்டம்பர் 8 அன்று தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் ராணுவம் சுட்டது.

முடிவைக் கொண்டுவந்தது வேலைநிறுத்தம். அக்டோபரில் கூஜிஸ்தான் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாளொன்றுக்குச் சுமார் 60 லட்சம் பீப்பாய் இறைத்த நாட்டில் உற்பத்தி சில வாரங்களில் சரிந்தது. டிசம்பர் இறுதியில் ஏற்றுமதி நின்றது. வேலைநிறுத்தக்காரர்களின் குடும்பங்களுக்கு பஜார் பணம் கொடுத்தது. எண்ணெய் மேல் மிதந்த நாட்டில் குளிர்காலத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. அரசின் உத்தரவுக்கும் ராணுவத்தின் மிரட்டலுக்கும் மசியாத தொழிலாளர்களிடம், உள்நாட்டுத் தேவைக்கு மட்டுமாவது எண்ணெய் எடுக்கச் சொல்லிப் பேச எதிர்ப்பு அணித் தலைவர்களில் ஒருவரான மெஹ்தி பாசர்கான் தலைமையில் ஒரு குழுவை பாரிஸ் அருகிலிருந்த கொமெய்னி நியமித்தார். அந்தக் குழுவின் பேச்சைக் கேட்டு அவர்கள் உள்ளூருக்கு எண்ணெய் எடுக்க இணங்கினார்கள். அப்போது ஷா இன்னும் தெஹ்ரான் அரண்மனையில்தான் இருந்தார். அவர் விமானம் ஏறியது 1979 ஜனவரி 16இல்.