காஞ்சனபுரிக்கு ஒரு யாத்திரை

நாள்தோறும் பல்லாயிரவர் மலையேறி வரும் திருப்பதியிலும் அதனை அடுத்த சித்தூரிலும் குடியமர்ந்து வாழும் நமக்கு யாத்திரை என்பது புதிய சொல்லன்று. ஆயினும் கோயிலை நாடாது கல்லறையை நாடிக் கடல் கடந்து செல்லும் யாத்திரை ஒன்றும் உலகில் உண்டு. அந்த யாத்திரைக்கும் நம் குடும்பங்களுக்கும் இடையே நாம் மறந்துபோன தொடர்பு ஒன்றும் உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்து மக்களும் போரில் மாண்ட தம் வீரர்களை நினைவுகூர்கின்றனர். 1915-ஆம் ஆண்டு அந்நாளில் அவர்தம் படைகள் துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கின. அந்நாளைக் கொண்டாடத் தாய்லாந்து நாட்டுக்கும் அவர்கள் வருகின்றனர். காஞ்சனபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பாறையைப் பிளந்து வெட்டிய பாதை ஒன்று இருக்கிறது. இரவில் தீப்பந்த ஒளியில் எலும்பும் தோலுமாய் உழைத்த கைதிகளின் தோற்றம் நரகத்தை ஒத்திருந்தமையால் அதற்கு ‘நரகத்தீக் கணவாய்’ எனப் பெயர் வந்தது. நள்ளிரவு கடந்ததும் நகரைவிட்டுப் புறப்பட்டு, இருளில் படிகளில் இறங்கி, பொழுது புலரும் வேளையில் அப்பாறைகளுக்கிடையே அவர்கள் நிற்பர். எக்காளம் ஒலிக்கும், அனைவரும் மௌனம் காப்பர், மலர்வளையம் சார்த்தப்பெறும். பின்னர்க் காலையில் காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் மீண்டும் அஞ்சலி நிகழும். பேரன் தன் பாட்டன் பெயர் பொறித்த கல்லைத் தேடிக் கண்டு, அதன்முன் தலைவணங்கித் திரும்புவான்.

அந்த இருப்புப்பாதையில் நம்மவரும் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகவே மாண்டனர். ஆனால் தலைவணங்க நமக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. இஃது எங்ஙனம் நேர்ந்தது?

1911-ஆம் ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, சித்தூர் நகரம் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் இருந்தது. அந்த வடஆர்க்காடோ, திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் ஆகிய மாவட்டங்களைப் போலவே, மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலியாட்களை மிகுதியாய் அனுப்பிய மாவட்டம். வானம் பொய்த்த ஆண்டுகளில் கங்காணியின் சொல்லை நம்பி, ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் தங்கிக் கப்பலேறியவர் எண்ணற்றோர். 1938-ஆம் ஆண்டு இந்திய அரசு கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. அதற்குள் சென்றிருந்தவரும் அங்கே பிறந்த அவர்தம் மக்களுமாகப் பல இலட்சம் பேர் அந்நாட்டில் வாழ்ந்தனர்.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை இல்லை, அரிசியும் இல்லை. பர்மாவிலிருந்த தம் படைகளுக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது இடர்மிக்கதாகவே, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க ஜப்பானியர் முனைந்தனர். நல்ல கூலி, சில மாத வேலை, பின்பு வீடு திரும்பலாம் என்று ஆசைகாட்டித் தோட்டத் தொழிலாளரை முதலில் அழைத்தனர். வருவோர் குறைந்தபோது வலிந்து பிடித்து, இரும்புச் சரக்குவண்டிகளில் அடைத்து அனுப்பினர். மனைவி மக்களோடு சென்றோரும் உண்டு. 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் முகாம் முகாமாகச் சூறையாடின. அவ்வாண்டு அக்டோபரில் பாதை முடிவுற்றது.

வேலைசெய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் மாண்டவர் 12,000-க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 2 இலட்சம் பேர். தமிழர், தெலுங்கர், மலாய்க்காரர், பர்மியர், சாவகத்தார் எனப் பல இனத்தார். அவர்களுள் மாண்டவர் 90,000 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பகுதியினர் தமிழர்.

போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர். படை மருத்துவர் இருந்தனர். இறந்தவன் பெயரையும் படைப்பிரிவையும் புதைத்த இடத்தையும் மறைவாகவேனும் குறித்துவைக்க ஆளிருந்தது. போர் முடிந்தபின் அக்குறிப்புகளைக் கொண்டு உடல்களைத் திரட்டி, காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தான்பியூசயாத்திலும் கல்லறைத் தோட்டங்கள் அமைத்தனர். காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். தோட்டத் தொழிலாளிக்கோ மருத்துவரும் இல்லை, எழுத்தரும் இல்லை. காலரா கண்டவனைக் கூட்டாகப் புதைத்தனர். சில இடங்களில் எரித்தனர். போர்க்கல்லறைகளைக் காக்கும் காமன்வெல்த் ஆணையத்தின் பணி படையினரைச் சார்ந்தது. கூலியாட்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. 1957-ஆம் ஆண்டு வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படமும் போர்க்கைதிகளின் கதையையே சொல்லிற்று. அப்படம் எடுக்கப்பெற்றது இலங்கையில் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி.

ஆயினும் இன்று காஞ்சனபுரி செல்லும் தமிழர் வெறுங்கையோடு திரும்ப வேண்டுவதில்லை. போர்க்கல்லறைக்கு அருகிலேயே வாட் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்தக் கோயில் இருக்கிறது. பாதையோரங்களில் கண்டெடுத்த, பெயரறியாத ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் அங்கே ஒரு தூபியின்கீழ் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. 2023-ஆம் ஆண்டு மே மாதம், தமிழ் அன்பர்களின் முயற்சியால் அக்கோயில் வளாகத்தில் ஒரு நடுகல் நாட்டப்பெற்றது. ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து நம் மாண்டோர்க்கு நம் மரபிலேயே ஒரு கல் கிடைத்தது.

நடுகல் நம் பகுதிக்குப் புதியதா? பலமனேர், புங்கனூர்ப் பக்கங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் வீரக்கற்களைக் கண்டிராதவர் நம்முள் அரியர். ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் ஊரைக் காத்து வீழ்ந்தவனுக்கும் கல்லெடுத்தனர் நம் முன்னோர். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய ஆறு நிலைகளையும் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. வாளேந்தி மாண்டவனுக்கு உரியதாயிருந்த அச்சிறப்பு, மண்வெட்டி ஏந்தி மாண்டவனுக்கும் கிட்டியது முறையே அன்றோ?

செல்ல விரும்புவோர்க்குச் சில செய்திகள். சென்னையிலிருந்து பாங்காக்குக்கு விமானத்தில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். அங்குள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரி வழியாக நாம் தோக் வரை அதே பழைய பாதையில் இன்றும் இரயில் ஓடுகிறது. ஆற்றோரம் மரக்கால்கள்மீது வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும்போது, ஒவ்வொரு கட்டையின்கீழும் ஓர் உயிர் கிடப்பதாக நெஞ்சு நடுங்கும். கணவாய்க்கு அங்கிருந்து சாலைவழியே செல்ல வேண்டும். விடியல் அஞ்சலியில் கலந்துகொள்ள எண்ணுவோர் விதிமுறைகளை முன்கூட்டியே விசாரித்தறிதல் நன்று. வயது முதிர்ந்தோர் ஏப்ரல் வெப்பத்தையும் செங்குத்தான படிகளையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

படையில் பணியாற்றி மறைந்தவரின் குடும்பத்தார் வேறு இடங்களையும் தேடலாம். சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுத்தூணில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இந்தியப் படையினர் பெயர்களும் அவற்றுள் அடங்கும். போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் வீட்டிலிருந்தபடியே பெயரைத் தேடவும் இயலும்.

எல்லோராலும் தாய்லாந்து செல்ல இயலாது. ஆனால் எல்லோராலும் இயலும் பணி ஒன்று உண்டு. “சின்னத் தாத்தா மலாயா போனார், திரும்பவே இல்லை” என்ற பேச்சு நம் வீடுகள் சிலவற்றில் இன்றும் உலவுகிறது. அதனை அறிந்த பாட்டிமார் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடிருப்பர். அவர்கள் அருகே அமர்ந்து, போனவர் பெயர், தந்தையார் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். பெட்டியின் அடியில் பழைய கடிதமோ மணியார்டர்ச் சீட்டோ இருப்பின் பத்திரப்படுத்துங்கள். தமிழ்க் குடும்பம், தெலுங்குக் குடும்பம் என்ற வேறுபாடு இதில் வேண்டா. ஒரே வண்டியில் ஏறி ஒரே மண்ணில் வீழ்ந்தவர்கள் அவர்கள். அப்பெயர்களைத் தொகுத்து வைக்க நம் சங்கம் ஓர் ஏடு திறப்பது நற்பணியாகும்.

அமாவாசை நாளில் எள்ளும் நீரும் இறைக்கும்போது, நமக்கு உறவு முறை அறியாதவர்க்கும், நீர்வார்க்க ஆளற்றவர்க்கும் இறுதியில் ஒரு கை நீர் வார்ப்பது நம் வழக்கம். காஞ்சனபுரியில் கிடப்போர் நமக்கு உறவு அறியாதவர் அல்லர். பெயர் மட்டுமே மறந்துபோனவர். அப்பெயர்களுள் ஒன்றேனும் இவ்வாண்டு நம் ஏட்டில் ஏறுமாயின், அந்நடுகல்லுக்கு நாம் சார்த்தும் முதல் மலர் அதுவேயாகும்.