போட்டி உண்டு, பொறாமை இல்லை

உடன்பிறந்தவர்கள் தமக்குள் போட்டியிடலாமா? நெடுந்தூர ஓட்டம் இதற்கு நல்ல விடை தருகிறது.

ஐரோப்பாவில் எஸ்தோனியா என்றொரு சிறு நாடு உண்டு. அங்கு 1985-இல் ஒரே பிரசவத்தில் பிறந்த லெய்லா, லீனா, லில்லி லுயிக் என்னும் மூன்று சகோதரிகள், 24-ஆம் வயதில்தான் ஓடத் தொடங்கினர். 2016 ஆகஸ்டு 14 அன்று ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் மூவரும் ஓடினர். தூரம் 42.195 கிலோமீட்டர்!

இவ்வோட்டத்தில் வேகத்தைச் சீராக வைத்திருப்பதே கடினம். தொடக்கத்தில் விரைந்தால், உடலில் சேமித்த மாச்சத்து முன்னதாகவே தீர்ந்து கால்கள் துவண்டுவிடும். சோம்பி ஓடினாலோ பின்தங்க நேரிடும். அருகில் சகோதரி ஓடினால் அவள் வேகமே நமக்கு அளவுகோல். முந்தும் ஆசை சோம்பலை விரட்டும். முன்னே செல்பவள் எதிர்காற்றைத் தாங்க, பின்னே வருபவளுக்குச் சிரமம் குறையும். இடம் மாறி ஓடினால் இருவருக்கும் நன்மை.

அன்று லில்லி 97-ஆவதாகவும் லெய்லா 114-ஆவதாகவும் வந்தனர். லீனாவால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. பதக்கம் ஒருவருக்கும் இல்லை. ஆயினும் மூவரும் ஒலிம்பிக் வீராங்கனைகளே.

புனித சின்னப்பரும் கிறிஸ்தவ வாழ்வைப் பந்தய ஓட்டத்துக்கு ஒப்பிட்டார். மாணவியரே, தங்கை முந்தும்போது நம் முகம் சுருங்குகிறதா, உள்ளம் மகிழ்கிறதா? நம் போட்டி நல்லதா என்பதற்கு அதுவே உரைகல்.