மே 1: ஊர் கூடும் நாள்

சித்திரைத் திருவிழாவும் நீர்மோர்ப் பந்தலும் களைகட்டும் நேரத்தில், கிராமங்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. மே 1 அன்று நடக்கும் கிராமசபை. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர்தான். ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கச் சொல்லலாம். அரசுத் திட்டங்களில் யார் யாருக்குப் பலன் கிடைத்தது, தகுதியிருந்தும் விடுபட்டவர் யார் என்று எழுந்து கேட்கலாம். பெண்கள் கட்டாயம் போகவேண்டிய இடம் இது. ஆண்களே பேசிக் கலையும் கூட்டத்தில் வீட்டுக்குள்ளிருக்கும் குறை எப்படித் தெரியவரும்?

சபையில் கேட்கவேண்டிய திட்டத்துக்கு ஓர் உதாரணம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி. முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்வது முக்கியம். பதிவு தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும்.

கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.